திரை நிறைந்தால் விகிதமுறா எண்

எண்களிலும் இரண்டு சாதி உண்டு என்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் தெரிந்தது. விகிதமுறு எண், விகிதமுறா எண். எதையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் உட்கார வைக்காவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது போல என்று நினைத்துக்கொண்டேன். போடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இரண்டுக்கும் வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வகுப்பே ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்றார். சொன்னோம். மார்கழி பஜனை மாதிரி நன்றாகவே சொன்னோம். ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி, இது எந்தப் பக்கம் என்று டீச்சர் கேட்கவில்லை. நாங்களும் காட்டச் சொல்லவில்லை. பஜனை முடிந்தது, மணி அடித்தது.

அந்த வருஷம் பாதியில் என் படிப்பு நின்றது. தோட்டத்தில் நிழல் மரம் கழிக்க ஏறிய அப்பா கிளையோடு கீழே வந்தார். உயிர் இருந்தது, இடுப்பு போய்விட்டது. அம்மா ஒருத்தியின் கூலியில் வீடு ஓடாது என்று என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். இதில் அழ ஒன்றும் இல்லை. விடியும்போது போடியில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் ஒருத்தி மடியில் ஒருத்தி சரிந்து, கேரள எல்லை தாண்டி ஒரு தோட்டத்தில் இறங்கி, ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். மீதிப் பேர் அவர்களைத் திட்டுவார்கள். நான் திட்டும் பாதியில் இருந்தேன்.

பிறகு மலை சலித்தது. எனக்கு எந்த இடமும் சலிக்கும். அது என் குணம், அதற்கு வறுமையைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியின் சமையல்கட்டில் தேங்காய் துருவினேன். கொச்சிப் பக்கம் இறால் உரித்தேன். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் கழன்றது. இறாலுக்கும் எனக்கும் வித்தியாசம் குறைய ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். மூணாறில் கொழுந்து கிள்ளினேன். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அதுவும் ஓர் ஊர் மாதிரிதான். கொஞ்ச நாள் இருந்தேன், கிளம்பினேன். கடைசியில் போடிக்கே வந்து அதே ஜீப்பில் ஏறினேன். ஜீப் மட்டும் புதிது.

ஊர் சுற்றுகிறவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் கண்டக்டர். குரங்கணிப் பக்கம் ஒரு சின்ன பஸ் விட்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

“லைசென்சு கொண்டா, மறுநாளே பையைத் தோள்ல மாட்டி விடுறேன்” என்றார். “ஆனா லைசென்சுக்குப் பத்தாவது பாஸ் கேப்பானே ஆத்தா. இருக்கா?”

இல்லை. ஒன்பதில் பாதி இருந்தது.

ஜீப்பில் விஷயம் பரவியது. எனக்கு எதிரே உட்காரும் பெண்ணுக்கு அன்று கொண்டாட்டம்.

“ஏண்டி, இவ விசிலடிச்சா பஸ்சு நிக்குமா, ஓடுமா?”

“டிரைவரு எறங்கி ஓடுவான்” என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

“சில்லறை இல்லன்னு சொன்னா என்ன செய்வ?”

“உன்னைய வழியில எறக்கி விட்ருவேன்” என்றேன். அதோடு ஜீப் அடங்கியது.

தனித்தேர்வு எழுதலாம் என்று யாரோ சொன்னதை நம்பி டுட்டோரியலில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஏலக்காய் குடோனின் மாடியில் அது நடந்தது. கீழே காயைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். மேலே எங்களை. கணக்கு வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பெஞ்சில் ஜீப்காரர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஒரு தடவை தவறியவர்கள், தவறுவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் என்று எல்லா ரகமும் இருந்தது. என் பக்கத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், கல்யாணமானவள். பத்தாவது முடித்தால் சத்துணவு வேலைக்கு எழுதிப் போடலாம் என்று மாமியார் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். அவளுக்குக் கணக்கின் மேல் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. அடுப்பு மாதிரி அதைப் பார்த்தாள். பற்றவைக்க வேண்டும், இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு சார் எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஒரு ஷார்ட்கட் இருப்பதாக நம்பிய மனிதர். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“எல்லாருக்கும் அப்ளிகேஷன் போட மாட்டேன். ஒன்பதாங் கிளாசுப் பாடத்துல ஒரு டெஸ்ட் வப்பேன். அதுல தேறுறவங்க பேரை மட்டுந்தான் பரீட்சைக்கு அனுப்புவேன். நம்ம சென்டரு வருஷா வருஷம் நூத்துக்கு நூறு. அதைக் கெடுக்க விட மாட்டேன்.”

நூற்றுக்கு நூறு வாங்கும் வித்தை இவ்வளவு எளிது. தேறாதவனை அனுப்பாமல் விட்டால் அனுப்பியவன் எல்லாம் தேறுவான். பழுத்துப்போன காயை மூட்டையிலிருந்து எடுத்துவிட்டு, என் தோட்டத்தில் பழுத்த காயே கிடையாது என்று சொல்வது போல. ஆனால் அன்று எனக்கு இது சிரிப்பாக இல்லை. அப்ளிகேஷன் அவர் கையில் இருக்கிறது, அவர் கை அசைந்தால்தான் நான் பரீட்சை ஹாலுக்குள் போக முடியும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். அவருடைய டெஸ்ட்டில் விழுந்தால் இன்னொரு வருஷம் ஜீப். அதுதான் கணக்கு.

டெஸ்ட்டில் கட்டாயம் வரும் என்று அவர் சொன்ன பாடம், பழைய அந்த இரண்டு சாதி.

போடியில் கால்குலேட்டர் இல்லாத வீடு குறைவு. இது ஏலக்காய் ஊர். ஏல மையத்துக்குப் போகிறவர், கமிஷன் பார்க்கிறவர், காய் வாங்கி விற்கிறவர் என்று தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. தீபாவளிக்கு மிட்டாய்ப் பெட்டியோடு கடைப் பெயர் போட்ட கால்குலேட்டரும் கொடுப்பார்கள். அது கைமாறிக் கைமாறிக் கூலிக்காரர் வீட்டு அலமாரிக்கும் வந்துவிடும். உள்ளங்கை அளவு, எட்டு இலக்கம் காட்டும். இந்த ஊரில் சாமி படத்துக்கு அடுத்தபடி ஜனங்கள் நம்புவது அந்தத் திரையைத்தான். அது காட்டிய தொகையை எதிர்த்து எந்த வியாபாரியும் பேசிப் பார்த்ததில்லை. சாரும் இந்த ஊர்க்காரர்தான்.

“கால்குலேட்டரை எடுங்க எல்லாரும்” என்றார். “ஒண்ணு வகுத்தல் எட்டு போடுங்க. என்ன வருது?”

“பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சு சார்.”

“நின்னுருச்சா? நின்னா விகிதமுறு. ஒண்ணு வகுத்தல் மூணு?”

“ஒரே மூணா வருது சார்.”

“வந்ததே வந்தாலும் விகிதமுறு. இப்ப ஒண்ணு வகுத்தல் ஏழு போடுங்க.”

போட்டோம். 0.1428571 என்று வந்தது.

“நின்னுச்சா?”

“இல்ல சார்.”

“வந்ததே வந்துச்சா?”

“இல்ல சார்.”

“திரை நெறஞ்சிருச்சா?”

“நெறஞ்சிருச்சு சார்!”

“அவ்வளவுதான். திரை நெறஞ்சா விகிதமுறா. எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டோம். பாத்திரம் நிறைந்தால் தண்ணீர் வேறு சாதி ஆகிவிடும் என்று சொல்வது போன்ற ஒரு விதியை முப்பது வயது கடந்தவர்கள் கூடத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டோம். அதே வேகத்தில் அவர் பை என்ற எண்ணுக்குப் போனார். பை என்றால் இருபத்திரண்டின் கீழ் ஏழு, அதை வகுத்தால் திரை நிறைகிறது, ஆகவே பை விகிதமுறா எண் என்றார். பை விகிதமுறா எண் என்பது உண்மை. அது இருபத்திரண்டின் கீழ் ஏழு இல்லை, இருபத்திரண்டின் கீழ் ஏழு விகிதமுறா எண்ணும் இல்லை. இரண்டு பொய்யைப் பெருக்கி ஒரு மெய்யை எடுத்தார். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று அவரே சொல்லிக்கொடுத்ததற்கு அதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நானும் பிளஸ் போட்டுத்தான் எழுதினேன்.

ஒரு ஜீப்காரர் மட்டும் கேட்டார்: “பரீட்சையில கால்குலேட்டரு விட மாட்டாங்களே சார்?”

“அதுக்குத்தான் பட்டியல் அடிச்சிருக்கேன்” என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். கீழே ஏழு, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது வந்தால் விகிதமுறா. மனப்பாடம் செய்ய வேண்டும். காய் எடுத்துக்கொண்டே நான் ஏழு, பதின்மூன்று, பதினேழு என்று முணுமுணுத்ததைக் கேட்ட தோட்டத்துக் கங்காணி, நான் நாள் பார்க்கிறேன் என்று நினைத்து, “யாருக்குடி கல்யாணம்?” என்று கேட்டார்.

ஆவணியில் மழை பிடித்து மலைப்பாதையில் மண் சரிந்தது. ஜீப் ஓடவில்லை. ஜீப் ஓடாத நாளில் டுட்டோரியலுக்குக் கீழே இருந்த அதே குடோனில் காய் பொறுக்கப் போவேன். வெடித்தது, கறுத்தது, சுருங்கியது என்று தனித்தனியாக ஒதுக்கும் வேலை. அங்கே கணக்குப்பிள்ளையின் மேஜையில் செங்கல் அளவு கால்குலேட்டர் ஒன்று இருந்தது. பன்னிரண்டு இலக்கம் காட்டும் என்று அவருக்கு அதில் பெருமை. சாப்பாட்டு நேரத்தில் அவர் கை கழுவப் போனபோது ஒன்று வகுத்தல் ஏழு என்று அழுத்திப் பார்த்தேன். மனப்பாடம் செய்தது வாயில் இருந்தது, விரல் சும்மா இருந்தது.

0.14285714285.

கணக்குப்பிள்ளை ஈரக் கையோடு வந்து நின்றார். “என்னாத்தா, என் மிஷின்ல வெளாட்டு?”

“ஒண்ணை ஏழாப் பிரிச்சேன்ணே.”

“எதுக்கு? ஒரு காயை ஏழு பேருக்கா குடுக்கப் போற?”

“வந்ததே திரும்ப வருதுண்ணே. ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு, மறுபடி ஒண்ணு நாலு ரெண்டு.”

“வந்துட்டுப் போகுது. சோத்தத் தின்னுட்டு வெரசா உக்காரு, லோடு போகணும்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். என் வீட்டுக் கால்குலேட்டரில் விகிதமுறாவாக இருந்த எண் இவர் மேஜையில் விகிதமுறு ஆகிவிட்டது. வசதி உள்ளவன் திரையில் ஒரு சாதி, இல்லாதவன் திரையில் ஒரு சாதி. அப்படியானால் சார் சொன்னது ஏழில் மட்டும் பொய்யா? அவர் பார்க்காத நேரத்தில் பதினேழையும் அழுத்தினேன். பன்னிரண்டு இலக்கமும் நிறைந்தது, எதுவும் திரும்ப வரவில்லை. சரி, பதினேழில் சார் சொன்னது உண்மை, ஏழில்தான் தவறிவிட்டார் என்று முடிவு கட்டினேன். இன்னும் பெரிய மிஷின் இருந்தால் இன்னும் சில எண்கள் நல்ல சாதிக்கு வந்து சேரும் என்றும் நினைத்தேன். மூளை என்னுடையது, அதனால் அதைப் பற்றி மரியாதையாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

அன்று சாயங்காலம் பெஞ்சுத் தோழியிடம் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, ஒன்பதாவது படிக்கும் தன் நாத்தனார் மகளின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இதுல பாருக்கா. பாத்துட்டு நாளைக்கே குடுத்துரு. கிறுக்கிறாத.”

புத்தகத்தில் அந்த வரையறை இருந்தது. கரும்பலகையில் இருந்த அதே வரையறை. நாங்கள் பஜனை பாடிய அதே வரி. மேலே ஒரு முழு எண், கீழே பூஜ்யம் அல்லாத ஒரு முழு எண், இப்படி எழுத முடிந்த எண் விகிதமுறு எண். எழுத முடியாதது விகிதமுறா எண். அவ்வளவுதான். திரை இல்லை, நிறைவது இல்லை, கால்குலேட்டர் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை.

ஏழில் ஒன்று. மேலே ஒன்று, கீழே ஏழு. எழுதியாகிவிட்டது. கேள்வியை எழுதும்போதே பதிலையும் எழுதிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பதினேழும் அப்படித்தான், பத்தொன்பதும் அப்படித்தான். சாரின் பட்டியல் முழுக்கப் பின்னங்கள். ஒரு மாடி நிறைய ஆட்கள், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பின்னத்தைப் பின்னமா இல்லையா என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் நிற்கும் மாட்டை மாடா என்று தெரிந்துகொள்ள அதன் சாணத்தை எடை போட்டுக்கொண்டிருந்தோம்.

இருந்தாலும் நம்பிக்கை வராமல் ஓர் அட்டைத் துண்டில் கையால் வகுத்துப் பார்த்தேன். ஏழால் வகுத்தால் மீதி பூஜ்யத்திலிருந்து ஆறுக்குள்தான் வர முடியும். பூஜ்யம் வந்தால் கணக்கு முடிந்தது. வராவிட்டால் இருக்கிற மீதிகள் தீர்ந்ததும் பழைய மீதிக்குத்தான் திரும்ப வேண்டும். அது திரும்பினால் பின்னால் வருவதெல்லாம் முன்னால் வந்ததுதான். பதினேழில் சுற்று கொஞ்சம் பெரிது, மற்றபடி கதை அதேதான். திரை சின்னது என்பதற்காகச் சுற்று நின்றுவிடுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. திருப்பூரும் கொச்சியும் போய்விட்டு அதே ஜீப்புக்கு வந்து நின்றவள் நான்.

இரண்டின் வர்க்கமூலம் வேறு விஷயம். அதை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்று புத்தகம் சொல்லி, ஏன் என்றும் ஒரு பக்கம் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் எனக்குப் பாதிதான் புரிந்தது. பாதி புரிந்ததும் மோசமில்லை. சார் அந்தப் பக்கத்தைத் திறந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கேட்டுவிட்டேன்.

“சார், ஏழில் ஒண்ணைப் பின்னமா எழுத முடியுமா?”

“அதுவே பின்னந்தானம்மா.”

“அப்ப அது விகிதமுறுதான சார்?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்தார். வகுப்பைப் பார்த்துப் பேசுவது அவருக்கு எளிது.

“அக்கா கண்டக்டர் வேலைக்குன்னு வந்தாங்க. இப்ப விஞ்ஞானி ஆகப் போறாங்க போல.”

எல்லோரும் சிரித்தார்கள். கூடவே என் பெஞ்சுத் தோழியும் சிரித்தாள், மரியாதைக்காக.

“புத்தகத்துல இருக்குறது தியரிம்மா” என்றார். “அதப் பாத்தா குழப்பந்தான் வரும். நான் திருத்துற பேப்பர்ல என் விடைதான் விடை.”

வகுப்பு முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் அவர் என்னை நிறுத்தினார். அங்கே வேறு யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீ சொல்றது எனக்குத் தெரியாம இல்லம்மா. பட்டியல் அடிச்சுக் குடுத்தாச்சு. இத்தனை பேருகிட்டப் போயி இப்ப மாத்திச் சொன்னா அப்புறம் நான் எது சொன்னாலும் நம்புவாங்களா? டெஸ்ட்ல பட்டியல்ல இருக்குறதையே எழுதிட்டுப் போ. உனக்கும் நல்லது.”

அதுவரை அவரைத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். தெரியாதவனைக்கூட மன்னிக்கலாம். ஆனால் இவர் தெரிந்தே அச்சடித்துக் கொடுத்தவர், அச்சடித்த தாளைக் காப்பாற்ற எண்களின் சாதியை மாற்றியவர்.

வீட்டுக்கு நடக்கும்போது தோழி தன் பங்குக்குச் சொன்னாள்.

“உண்மைய எழுதி என்னக்கா பண்ணப் போற? அவரு கேக்குறத எழுதி பாஸாகு. பாஸானதுக்கப்புறம் உண்மைய நீயே வச்சுக்க, யாரு புடுங்கப் போறா?”

“உனக்குப் புரிஞ்சிருச்சுல்ல, அது பின்னந்தான்னு?”

“புரிஞ்சிருச்சுக்கா. புரிஞ்சா எழுதணும்னு இருக்கா?”

பொய் எழுத எனக்குப் பயம் இல்லை. திருப்பூரில் வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தேன். விடுதியில் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொன்னேன். இல்லாத புருஷனுக்கு இல்லாத ஊரில் காய்ச்சல் வந்தது என்று லீவும் எடுத்தேன். அதெல்லாம் எனக்காக நானே சொன்ன பொய்கள். அவற்றில் ஒரு சுகம் உண்டு. இது அவருடைய பொய். அவருடைய அச்சுக்கூலி வீணாகிவிடக் கூடாது என்பதற்காக நான் சுமக்க வேண்டிய லோடு. டெஸ்ட் தாளில் அந்தக் கேள்வி வந்தபோது, ‘விகிதமுறு எண். அது பின்னமாகவே எழுதப்பட்டிருக்கிறது’ என்று எழுதினேன். பதினேழுக்கும் அதையே எழுதினேன். இருபத்திரண்டின் கீழ் ஏழுக்கும் அதையே. கொள்கை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறும் கடுப்பு.

விழுந்தேன். தேறியவர் பெயர்களைப் படித்தபோது தோழியின் பெயர் மூன்றாவதாக வந்தது. என் பெயர் வரவில்லை. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அடுத்த வருஷம் பாப்போம்மா, அடிப்படை இன்னும் பத்தல” என்றார். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஜீப்பில் ஏறவில்லை. அன்று இன்னொரு வருஷம் ஜீப்பில் போவதை நினைத்தால், போடிமெட்டு ஏறாமலே வாந்தி வந்தது. தேனி பஸ்ஸில் ஏறி, தனித்தேர்வு விண்ணப்பம் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

“டுட்டோரியல்ல இருந்து என்னைய அனுப்பல மேடம்” என்றேன். “அவங்க மூலமாத்தான் வரணுமாமே.”

“யாரு சொன்னா?”

“எங்க சார்.”

“அவர் சொல்லுவார்” என்றார் அந்தப் பெண், தலையைத் தூக்காமல். “எட்டாவது சர்ட்டிபிகேட் இருக்கா? ஆதார்? போட்டோ? குடுங்க. நீங்களே போடலாம். எப்பவும் அப்படித்தான்.”

எப்பவும் அப்படித்தான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இத்தனை மாதமாக அந்த மனிதரின் கையசைவுக்காக ஒரு மாடி நிறைய ஆட்கள் பேருக்குச் சுற்றிய மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு பொய்யை மனப்பாடம் செய்தோம். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. அவரைத் திட்டும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏமாற்ற ஓர் ஆள் போதும். ஏமாற ஒரு மாடியே தேவைப்படுகிறது.

பரீட்சை எழுதினேன். மற்ற பாடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆங்கிலத் தாள் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தோம். கணக்குத் தாளை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். இது விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்று ஒரு கேள்விகூட இல்லை. அந்த டுட்டோரியலில் என்னைத் தள்ளிய அந்தப் பெரிய விஷயத்தை அரசாங்கம் பத்தாம் வகுப்பில் சீண்டவே இல்லை. வரைபடம் போட்டேன், தெரிந்த வாய்பாட்டை எல்லாம் எழுதினேன், தெரியாததற்கும் ஏதோ எழுதினேன்.

முப்பத்தொன்பது வந்தது. தேர்ச்சி. தோழிக்கு அறுபத்து நான்கு. பட்டியலை எழுதித் தேறியவள், பரீட்சையிலும் என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். நியாயம் பார்த்து மதிப்பெண் போடுவதற்குத் தாள் திருத்துகிறவருக்கு வேறு வேலை இல்லையா? அவள் எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். “நீயும் பாஸு, நானும் பாஸு. எதுக்குக்கா அவ்வளவு மல்லுக்கட்டுன?” என்று கேட்டாள். நான் இன்னொரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த வாரத்தில் சாரிடமிருந்து போன் வந்தது. குரல் தேனாக இருந்தது.

“பாஸாயிட்டியாமேம்மா, கேள்விப்பட்டேன். சந்தோஷம். நம்ம சென்டருக்கு வெளிய ஃபிளெக்ஸ் வைக்கிறோம். உன் போட்டோ ஒண்ணு அனுப்பி விடும்மா.”

“நான் உங்க சென்டர் மூலமா எழுதல சார். நீங்கதான் அடிப்படை பத்தலன்னு நிறுத்துனீங்க.”

“அது கெடக்குதும்மா. படிச்சது இங்கதான?”

“கணக்குல முப்பத்தொம்போது சார். ஃபிளெக்ஸுல போட்டா நல்லா இருக்காது.”

“மார்க்கைப் போட மாட்டோம்மா. மூஞ்சிய மட்டுந்தான் போடுவோம்.”

மூஞ்சியும் தர மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

லைசென்சுக்கு முதலுதவி வகுப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அதற்காகத் தேனிக்குப் போகக் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஏணியில் நின்று கயிற்றை இழுத்தார்கள். சாரின் படம் நடுவில், கை கட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் வட்டம் வட்டமாக மூஞ்சிகள். தோழி மேல் வரிசையில், கல்யாணப் பட்டுச் சேலையில் இருந்தாள். எல்லோருக்கும் கீழே, கயிறு கட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில், சிவப்பு எழுத்தில் ‘மற்றும் பலர்’ என்று அடித்திருந்தார்கள்.

அந்தப் பலரில் நான் இல்லை என்று ஏணியில் நின்றவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அப்படிக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றார். “தலையில விழுந்துரும்.”

தேனி பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.